லேடி ஓனர், ஒரே கை

பாயான் பாரு,
மே 11, ஞாயிறு.

மதிப்பிற்குரிய அண்ணன் திருநாவுக்கரசு அவர்களுக்கு,

தங்கை சந்திரிகா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம். என் இடது முழங்கை மட்டும் ஒரு வாரமாக ஊர் முழுக்கப் பிரபலமாகியிருக்கிறது; அதைப் பிறகு சொல்கிறேன். அங்கு சிம்பாங் அம்பாட்டில் கட்டுப் போட்ட உங்கள் காலும், அதற்குப் பணிவிடை செய்யும் தனலெட்சுமி அண்ணியின் பொறுமையும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். இரண்டில் எது முதலில் தேறும் என்று சொல்லத் தெரியவில்லை.

கடிதமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் கைப்பேசியை அண்ணி பிடுங்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். "அப்பா படுத்துக்கிட்டே ரெண்டு வாட்டர் பம்ப்பும் ஒரு கூடாரமும் ஆர்டர் பண்ணிட்டாரு அத்தை, அம்மா அழுதுட்டாங்க" என்று ரூபினி சொன்னாள். உங்கள் மகள் சொல்லும்போது சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. அந்தக் கூடாரத்தை எதற்கு வாங்கினீர்கள் என்று மட்டும் ஒருநாள் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். பாதியில் நிறுத்திவிட்டுக் கட்டைவிரல் படம் அனுப்ப முடியாது என்பது காகிதத்தின் நல்ல குணம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ஓய்வு பெற்ற கையோடு சேமநிதியில் பாதியை எடுத்து, பாலிக் புலாவில் அறுபது துரியான் மரம் உள்ள ஒரு மலைச்சரிவை நீங்கள் குத்தகைக்கு எடுத்தீர்கள். நான் வேண்டாம் என்றேன். "இவ பொறந்ததிலேருந்தே வேண்டாம்னுதான் சொல்றா" என்று சிரித்தீர்கள். பிறகு அந்தச் சரிவிலேயே பழைய மோட்டாரோடு உருண்டு முழங்காலுக்குக் கீழே எலும்பை உடைத்துக்கொண்டீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே எனக்கு இரண்டு உத்தரவு போட்டீர்கள். உங்களைக் கீழே தள்ளிய மோட்டாரை விற்க வேண்டும். அந்தப் பணத்தோடு ஆறாயிரம் வெள்ளி சேர்த்து, மலை ஏறுகிற பழைய நாலு சக்கர மோட்டார் ஒன்று, ஏடிவி என்கிறார்களே அது, பார்த்து வாங்க வேண்டும். ஜூன் முதல் வாரம் பழம் விழத் தொடங்கிவிடும். விழுந்த பழத்தை அன்றன்றே கீழே இறக்கியாக வேண்டும். உங்கள் வேலையாள் தோளில் சுமந்தால் ஒரு நாளைக்கு நான்கு கூடைக்கு மேல் முடியாது. வண்டி இல்லையென்றால் பழம் மலையிலேயே அழுகும், குத்தகையும் சேமநிதியும் அதோடு போகும். இதெல்லாம் எனக்குத் தெரியும் அண்ணே. தெரிந்துதான் பயந்துகொண்டே ஒப்புக்கொண்டேன்.

"நீ யூனிவர்சிட்டி படிச்சவ, உன்ன எவனும் ஏமாத்த முடியாது" என்றீர்கள். நான் படித்தது வேதியியல். இருபத்து நான்கு வருடமாக மின்னணுத் தொழிற்சாலையில் தரச்சோதனை செய்கிறேன். என் கைக்கு வரும் பொருள் விரல் நகத்தளவு இருக்கும், அதற்கு எஞ்சின் கிடையாது, அதை விற்பவன் என் தோளைத் தட்டி "அக்கா, நம்ம ஆளு நீங்க" என்று சொல்வதும் கிடையாது. அப்படியும் என்னை அனுப்பினீர்கள். அனுப்பிவிட்டு, பொம்பளை தனியாகப் போய் எஞ்சினைப் பார்ப்பது சரியில்லை என்று உங்கள் கோப்பிக்கடைச் சிநேகிதர் சிவநேசன் அண்ணனையும் கூட அனுப்பினீர்கள். என் படிப்பின் மேல் உங்களுக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவுதான் என்று அப்போதே குறித்துக்கொண்டேன்.

உங்கள் மோட்டாரை நானே பாலிக் புலாவிலிருந்து ஓட்டி வந்தேன். கல்லூரிக் காலத்தில் எடுத்த லைசென்ஸ் இப்போதும் உயிரோடு இருக்கிறது. இருக்கைக்கு அடியிலிருந்து கிளம்பிய துரியான் வாடை சிக்னலில் நின்ற காரெல்லாம் கண்ணாடியை ஏற்றும் அளவுக்கு இருந்தது. பாயான் பாரு பசாருக்குப் பின்னால் புவனேஸ்வரன் என்பவர் பழைய மோட்டார் வாங்கி விற்கிற கடை வைத்திருக்கிறார். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் சங்கிலி, கையில் எப்போதும் ஒரு துணி, அந்தத் துணியால் அவர் எதையும் துடைத்து நான் பார்க்கவில்லை. மோட்டாரைச் சுற்றி வந்தார். "ச்ச்" என்று நாக்கைத் தட்டினார், அவ்வளவுதான். பெயிண்டைப் பார்த்து ஒரு ச்ச். செயினைத் தூக்கிப் பார்த்து ஒரு ச்ச். முன் சக்கரத்தைக் கால்களுக்கு நடுவில் பிடித்து ஹேண்டிலைத் திருப்பி இரண்டு ச்ச். ஸ்டார்ட் செய்தார், பின்னாலிருந்து நீலமாகப் புகை வந்தது, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நீளமான ச்ச்ச்ச். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஒரு ச்சுக்கு ஐம்பது வெள்ளி குறைந்துகொண்டே போனது.

இந்த நேரத்தில் நம் பக்கத்து ஆள் நமக்காகப் பேசுவார் என்று நான் எதிர்பார்த்தது என் தப்பு. சிவநேசன் அண்ணனுக்குத் தன் அறிவைக் காட்ட வேண்டியிருந்தது. "தம்பி, நீங்க ஒண்ண விட்டுட்டீங்க, ஃபோர்க் லேசா வளைஞ்சிருக்கு பாருங்க" என்றார். புவனேஸ்வரன் பார்த்தார். ச்ச். "பின்னாடி பேரிங்கும் போயிருச்சு, சுத்தும்போதே சத்தம் கேக்குதே" என்றார். ச்ச். அண்ணே, விற்க வந்தவங்க நாமதான்னு அவருக்கு ஞாபகப்படுத்த நான் அவர் காலை மிதிச்சேன். "ஏன் தங்கச்சி மிதிக்கிறே?" என்று சத்தமாகவே கேட்டார். கடைசியில் எழுநூறு வெள்ளி. நீங்கள் ஆஸ்பத்திரியில் அந்தத் தொகையைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்களே, அதில் நூறு வெள்ளி உங்கள் சிநேகிதர் குறைத்தது.

பணத்தைக் கொடுத்துவிட்டு, மோட்டாரின் பதிவுப் பத்திரமான கிரான் அட்டையையும் வாங்கிக்கொண்டு, உங்கள் கால் சரியானதும் ரேகை வைத்துப் பெயர் மாற்றிக்கொள்ளலாம் என்றார் புவனேஸ்வரன். "அக்கா, கொஞ்சம் மோட்டார் பக்கத்துல நில்லுங்க, ரெக்கார்டுக்கு ஒரு போட்டோ." நின்றேன். தரச்சோதனையில் எல்லாவற்றுக்கும் பதிவு வைப்போம். அதனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் மரியாதையோடு நின்றுவிட்டேன். இந்த வயதில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான்.

அடுத்த வாரம் முழுக்க நாலு சக்கரம் தேடினேன். இணையத்தில் விற்பவர்களின் மொழியைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். "டிப்டாப்" என்றால் நேற்றுக் கழுவினார்கள். "சின்ன வேலைதான் இருக்கு" என்றால் எஞ்சின் இல்லை. "அவசரமா வெளிநாடு போறேன்" என்று போன வருடமும் ஒருவர் போட்டிருக்கிறார், இன்னும் போகவில்லை. இந்த வண்டிகளுக்குச் சாலையில் ஓட அனுமதி இல்லாததால் கிரானும் இல்லை. எத்தனை பேர் கை மாறியது, எந்த வருடத்து வண்டி என்பதற்கெல்லாம் விற்பவரின் முகம்தான் சாட்சி. ஒருவர் ஒரே வண்டிக்கு மூன்று நாளில் மூன்று பிறந்த வருடம் சொன்னார். ஒரு பெண் தன் வயதைச் சொல்லியிருந்தால்கூட ஒன்றிரண்டு வருடம்தான் குறைத்திருப்பாள்.

கடைசியில் பாலிக் புலாவிலேயே ஒன்று கிடைத்தது. ஷாருல் என்ற ஜாதிக்காய்த் தோட்டக்காரர், நாற்பது வயது மலாய்க்காரர். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன், 'காக்' என்ற அக்காவை மட்டும் அப்படியே விட்டுவிட்டு. "காக், நேரா சொல்லிடுறேன். இடது பின் சக்கரத்துல பேரிங் சத்தம் போடும். ரிவர்ஸ் கியர் மூணு தடவைக்கு ஒரு தடவை சிக்கும். போன வருஷம் ஓடையில ஒரு தடவை கவுந்துச்சு, இதோ, சட்டத்துல இந்த இடத்துல வெல்டிங் பண்ணியிருக்கேன். என் பொஞ்சாதிக்கு இதைக் கண்டாலே ஆகாது. ஆறாயிரத்து ஐந்நூறு."

நான் அவரையே பார்த்தேன். குறையை மறைப்பவர்களோடு இருபத்து நான்கு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அவர்களை எப்படிப் பிடிப்பது என்று எனக்குத் தெரியும். குறையைக் கேட்காமலே சொல்பவனை என்ன செய்வது? நான்கு சொன்னால் ஐந்தாவது ஒன்று இருக்கத்தானே வேண்டும்? ஐந்தாவது என்ன என்று கேட்டேன். யோசித்தார். "சில சமயம் ஹாரன் அடிக்காது காக்" என்றார் வருத்தமாக. எனக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

சிவநேசன் அண்ணன் இதற்குள் ஒரு நீள ஸ்குருடிரைவரை எடுத்து, முனையை எஞ்சின் மேலும் பிடியைத் தன் காது மேலும் வைத்துக்கொண்டு, கண்ணை மூடியிருந்தார். "சவுண்டு தங்கம் மாதிரி இருக்கு தங்கச்சி" என்றார். ஷாருல் மெதுவாக, "இன்னும் ஸ்டார்ட் பண்ணலையே" என்றார். அவர் கேட்டது பக்கத்துத் தோட்டத்துத் தண்ணீர் பம்ப். யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் தொழிற்சாலையில் இருக்கும்போது சிவநேசன் அண்ணன் அழைத்தார். "தங்கச்சி, ஏடிவிய விடு லா. ஃபேஸ்புக்ல ஒரு மோட்டார் வந்திருக்கு, வைரம். நூறு வெள்ளி கட்டிப் புக்கிங் பண்ணிட்டேன். உங்க அண்ணனுக்கு வேணாம்னா நானே எடுத்துக்குவேன்." அனுப்பிய படத்தைத் திறந்தேன். மலாயில் எழுதியிருந்ததன் சாரம் இது: "லேடி ஓனர். ஒரே கை. ஒரிஜினல் பெயிண்ட். பசாருக்கும் கோயிலுக்கும் மட்டும் போய் வந்தது. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். சும்மா விசாரிப்பவர்கள் வேண்டாம்." சிவப்பாக, பளபளவென்று, புதுப் பெண் மாதிரி நின்றது மோட்டார். அதன் வலது ஓரத்தில், லேடி ஓனருக்குச் சாட்சியாக, ஒரு முழங்கை. முழங்கைக்குக் கீழே நீங்கள் என் நாற்பதாவது பிறந்த நாளுக்கு வாங்கிக்கொடுத்த கைக்கடிகாரம். அதற்கும் கீழே என் பழுப்பு நிறக் கைப்பை.

ஒரே கை என்று அவர் போட்டதில் பொய் இல்லை அண்ணே. படத்தில் ஒரே ஒரு கைதான் தெரிந்தது.

சிவநேசன் அண்ணனிடம் சொன்னேன், அது நம் மோட்டார், நீங்கள்தான் ஃபோர்க் வளைந்திருக்கிறது என்று சொன்னீர்கள் என்று. "இல்ல தங்கச்சி, அது வேற. இது ஒரு லேடி வச்சிருந்தது" என்றார். அந்த லேடி நான்தான் என்றேன். "நீ எப்ப மோட்டார் வாங்கினே?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

அன்று மாலை வேலை முடிந்து நேராகப் புவனேஸ்வரன் கடைக்குப் போனேன். முதலில் இருக்கையைத் தூக்கினேன். அடியில் வாசனைக்குப் பாண்டான் இலையைக் கட்டுக்கட்டாகத் திணித்து வைத்திருந்தார். அதையும் மீறி நம் துரியான் எட்டிப் பார்த்து என்னை அடையாளம் கண்டுகொண்டது. அவர் பதறவில்லை, நாற்காலியைத் துணியால் தட்டி, உட்காரச் சொன்னார்.

"பத்து நாளைக்கு முன்னால் பெயிண்ட் போனது, புகை அடிக்குது, ஃபோர்க் வளைஞ்சிருக்குன்னு ச்ச் ச்ச் என்றீர்களே?"

"அது வாங்குறப்போ அக்கா. இது விக்கிறப்போ."

"லேடி ஓனர் என்று போட்டிருக்கிறீர்கள்."

"கொண்டு வந்தது யாரு? நீங்க. லேடியா இல்லையா? லேடி. நான் என்ன பொய் சொல்லிட்டேன்?"

"கிரானில் என் அண்ணன் பேர் இருக்கிறது."

"திருநாவுக்கரசுன்னா ஆம்பள பேருன்னு வாங்குறவனுக்கு எப்படித் தெரியும்? சீனனோ மலாய்க்காரனோ, பாதி பேரைப் படிக்கிறதுக்குள்ள களைச்சிருவான் அக்கா."

"பேருக்குப் பிறகு ஏ/எல் என்று இருக்கிறதே. இந்த நாட்டில் ஏ/எல் என்றால் மகன், ஏ/பி என்றால் மகள் என்று எல்லாருக்கும் தெரியுமே."

கிரானை எடுத்துக் காட்டினார். எல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் அழகாக ஒரு சொட்டு எஞ்சின் எண்ணெய் பட்டிருந்தது. "கடையில வேலை பார்க்குற இடம், எண்ணெய் சிந்தத்தானே செய்யும்" என்றார். அறுபத்தொரு வருடம் அப்பா வீரையாவுக்கு மகனாக இருந்தீர்கள் அண்ணே. ஒரு சொட்டு எண்ணெயில் முடிந்துவிட்டது.

எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்டால், வந்தது. ஆனால் வேறு பக்கத்திலிருந்து வந்தது. நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. எங்க தொழிற்சாலையில எனக்குப் பின்னாடி சேர்ந்த மூணு பேர் மேனேஜரா இருக்காங்க. நான் லேடி, குடும்பம் இருக்கும், ராத்திரி ஷிஃப்ட்டுக்குச் சரிவர மாட்டேன்னாங்க. எனக்குக் குடும்பமும் கிடையாது, ராத்திரி ஷிஃப்ட் கேட்டு எழுதிக் கொடுத்ததும் நான்தான். அப்பா வீட்டைப் பிரிக்கிறப்போ நீங்களே சொன்னீங்க, இவ பொண்ணு, இவளுக்கு எதுக்குன்னு. நாற்பத்தெட்டு வருஷமா லேடின்னு சொன்னா எல்லா எடத்துலயும் ஒரு ச்ச். ஐம்பது வெள்ளி குறையுது. பழைய மோட்டார் கடையில மட்டும்தான் அந்தச் சொல்லுக்கு விலை ஏறுது. அதுவும் எனக்கு இல்ல, மோட்டாருக்கு.

இனி நிதானமாக எழுதுகிறேன். படத்தை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டு, முழங்கை இல்லாமல் வேறு படம் போட்டார். விலையையும் இரண்டாயிரத்து முந்நூறாக மாற்றினார். ஆக, என் இடது முழங்கையின் சந்தை விலை அறுநூறு வெள்ளி. சட்டப்படி அந்த அறுநூறு எனக்குச் சேர வேண்டும் என்றேன். "முழங்கைக்கு எந்த ஊர்ல அக்கா காசு கொடுக்குறாங்க?" என்றார். எண்ணெய் பட்ட அந்தக் கிரானை அப்படியே ஜேபிஜே போக்குவரத்து அலுவலகக் கவுண்டரில் கொண்டுபோய்க் காட்டலாமா என்று கேட்டேன். கையிலிருந்த துணியால் அன்றுதான் முதல் முறையாக எதையோ துடைத்தார், தன் முகத்தை.

பணம் வேண்டாம், ஒரு மணி நேரம் என்னோடு வாருங்கள் என்றேன். யோசித்துப் பார்த்தால், இந்த ஊரிலேயே வண்டி பார்க்கத் தெரிந்த ஆள் அவர்தான். விற்கும்போது அவருக்குக் கண் தெரியாது, உண்மைதான். வாங்கும்போது எக்ஸ்ரே. அந்தக் கண்ணை நம் பக்கம் திருப்பினால் போதும். அவரை ஷாருல் தோட்டத்துக்குக் கூட்டிப் போய், இதை நீங்கள் வாங்கப் போவதாக நினைத்துப் பாருங்கள் என்றேன். சிவநேசன் அண்ணனை நாங்கள் போன வேனிலேயே உட்காரச் சொன்னேன். ஸ்குருடிரைவரையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

புவனேஸ்வரன் நாற்பது நிமிடம் பார்த்தார். எண்ணெய் அளக்கும் குச்சியை உருவி, முனையை விரலில் தேய்த்து, மோந்து பார்த்தார். நான்கு சக்கரத்தையும் ஒவ்வொன்றாக ஆட்டினார். ரப்பர் உறைகள் கிழிந்திருக்கின்றனவா என்று மண்ணில் படுத்துப் பார்த்தார். வெல்டிங்கை நகத்தால் சுரண்டினார். சூடு ஏறியதும் புகைக்குப் பின்னால் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. நான் ச்ச்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பேரிங்குக்கு ஒன்று. ரிவர்ஸுக்கு ஒன்று. வெல்டிங்குக்கு ஒன்று, அதுவும் அரை மனசோடு. ஹாரனுக்கு ஒன்று. சரியாக நான்கு. ஷாருல் சொன்ன பட்டியலுக்கு மேல் ஒன்றுகூட இல்லை. பொஞ்சாதிக்குப் பிடிக்காததற்கு மட்டும் அவர் ச்ச் போடவில்லை. பிறகு என்னை ஜாதிக்காய் மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போய், "அக்கா, இது உங்களுக்குச் சரி வராது, விட்டுடுங்க" என்று காதோடு சொன்னார். ஏன் என்றேன். "சொன்னா கேளுங்க லா." சரி, விட்டுவிட்டால்? "விட்டுட்டா... நான் எடுத்துக்குறேன்."

இதையெல்லாம் வைத்து என் தீர்ப்பை எழுதுகிறேன். நிதானமாகப் படியுங்கள். விற்பவன் நல்லவனாக இருக்கிறான், வியாபாரி ஆசைப்படுகிறான். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. பழைய வண்டி என்பது அடுத்தவன் விட்டுப்போன தலைவலி. உங்களுக்கு அறுபத்தொரு வயது, ஒரு காலில் கட்டு இருக்கிறது, மலை இன்னும் செங்குத்தாகவே இருக்கிறது. ஆகையால் வாங்க வேண்டாம். குத்தகையை அடுத்த மலை முதலாளி தவுக்கேயிடம் கொடுத்து வந்த விலையை வாங்கிக்கொள்ளுங்கள். பாதிப் பணம் போகும். மீதிக் காலாவது மிஞ்சும். பிறந்ததிலிருந்து வேண்டாம் என்றுதான் சொல்கிறேன் என்பீர்கள். ஆமாம். எத்தனை தடவை தப்பாகச் சொன்னேன் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். கட்டிலில் உங்களுக்கு நேரம் நிறைய இருக்கிறது.

எலும்பு சீக்கிரம் கூடட்டும். அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அலமாரிச் சாவியை இன்னும் ஒரு மாதம் அவரே வைத்திருக்கட்டும். தண்ணீர்மலை முருகன் உங்களுக்கு நல்ல காலும், அதற்கு மேலே கொஞ்சம் நல்ல புத்தியும் தர வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முழங்கை விற்பனைக்கு அல்லாத,
தங்கை சந்திரிகா.

பி.கு.: ரூபினி இன்று செவ்வாய்க்கிழமைதான் வந்தாள், அதனால் இதைச் சேர்க்க முடிந்தது. நேற்று விசாக தின விடுமுறை. தீர்ப்பை நேரில் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று ஷாருலைப் பார்க்கப் போனேன். ஓட்டிப் பார்க்காமலே வேண்டாம் என்று சொன்னதாக இருக்கக் கூடாதே என்று ஒரு தடவை ஏறி உட்கார்ந்தேன். உங்கள் மலை உச்சி வரை மூன்று முறை போய் வந்தேன். முதல் முறை சோதனைக்காக. மற்ற இரண்டுக்கும் என்னிடம் விளக்கம் இல்லை. உச்சியில் உங்கள் மரங்களில் காய் கனத்துத் தொங்குகிறது. தவுக்கேயிடம் பேச வேண்டாம். வண்டியை ஆறாயிரத்து இருநூறுக்கு முடித்துவிட்டேன். உங்கள் பணம் அப்படியே இருக்கிறது. கொடுத்தது என் பணம். ஜூன் மாதம் முழுக்க விடுப்பும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மேனேஜர் ஏன் என்று கேட்டார், குடும்பம் இருக்கிறது என்றேன். கிரான் இல்லாத வண்டி என்பதால் ஷாருல் ஒரு ரசீது எழுதிக் கொடுத்தார். அதில் 'சந்திரிகா ஏ/பி வீரையா' என்று, அந்தப் பி தெளிவாகத் தெரியும்படி எழுதச் சொல்லி, எண்ணெய் படாமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறேன். கால் சரியானதும் நீங்களும் ஓட்டலாம்; ஓனரிடம் கேட்டுவிட்டு.